இனப்பெருக்கவியல் தாள்: மாசையும் தீவனத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் படித்த அனுபவம்

கால்நடை மருத்துவம் படிக்கும் இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, ஊட்டச்சத்துக் குறைபாடும் மாசுப் பொருள்களும் வருகிற பகுதியை எப்படி மனப்பாடம் செய்வது?" மனப்பாடம் செய்யாதீர்கள் என்பதே என் பதில். பாஸ்பரஸ் குறைந்தால் இது, செலினியம் குறைந்தால் அது, காட்மியம் கூடினால் இன்னொன்று என்று பட்டியல் போட்டுப் படித்தால் தேர்வுக்கு முந்தைய இரவு எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். வினாத்தாளைப் பார்த்ததும் எல்லாப் பெயருக்கும் நேரே "கருவுறும் திறன் குறையும்" என்ற ஒரே வரிதான் கைக்கு வரும். அதற்கு மதிப்பெண் விழுவது திருத்துபவரின் கருணையைப் பொறுத்தது.

நான் ஒரு பெரிய தாளை எடுத்து, பசுவின் ஒரு ஈற்றிலிருந்து அடுத்த ஈற்று வரை ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கும்மிடிப்பூண்டி மின்ரயில் தடம் போல அதில் நிறுத்தங்கள்: கன்று ஈனுதல், நஞ்சுக்கொடி விழுதல், கருப்பை பழைய அளவுக்குச் சுருங்குதல், சினைப்பருவம் திரும்புதல், முட்டை வெளியேறுதல், கருவுறுதல், கரு தங்குதல், பிறகு சுமார் 280 நாள் சினைக்காலம். எந்தப் பொருளைப் படித்தாலும் அது எந்த நிறுத்தத்தில் கோளாறு செய்கிறது, மாட்டுக்காரர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்ற இரண்டை மட்டும் கேட்டு, அந்த இடத்தில் குறித்தேன். பாடத்திட்டம் தீவனத்தை ஓர் அலகிலும் மாசை வேறோர் அலகிலும் வைத்திருக்கலாம். மாட்டுக்கு இரண்டும் ஒரே வாய் வழியாகத்தான் போகின்றன.

வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் அதிகம் தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்துக் கறவை மாடுகளுக்குத் தவிடு, பிண்ணாக்கு, கழுநீர், ஹோட்டலில் மிஞ்சிய சோறு ஆகியவைதான் சாப்பாடு. பால் கறந்ததும் அவிழ்த்துவிட்டால் சில கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் போகும். அங்கே பிளாஸ்டிக் பையை உள்ளிருக்கும் சாதத்தோடு சேர்த்தே விழுங்கும். பை செரிக்காது, முதல் இரைப்பையில் தங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். மாடு தின்பது குறையும், உடல் இளைக்கும். இது மாசுப் பிரச்சினையா, தீவனப் பிரச்சினையா? இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி எழுதத் தெரிந்தால் பாதித் தாள் முடிந்த மாதிரி.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் ஆற்றல் பற்றாக்குறை. ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்தைத் தொடும். தீவனம் எடுப்பது அதற்குப் பின்னரே உச்சத்துக்கு வரும். இடைப்பட்ட காலத்தில் மாடு தன் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. இரத்தத்தில் இன்சுலினும் அதைப் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐ.ஜி.எஃப்-1-ம் குறைகின்றன, மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலிருந்து முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனின் துடிப்புகள் அடிக்கடி வருவதில்லை, சினைப்பையில் முட்டையைத் தாங்கி வளர்ந்த நுண்பை வெடிக்காமலே சுருங்கிப்போகிறது. பருவத்துக்கு வந்த மாடு கத்தும் என்பதால் மாட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான்: "ஈன்று நான்கு மாதம் ஆகிறது, மாடு இன்னும் கத்தவே இல்லை." இந்தச் சங்கிலியை முதலிலிருந்து கடைசிவரை சொல்லத் தெரிந்தவருக்கு மற்றக் குறைபாடுகளெல்லாம் கிளைகள்தான்.

பால் ஏற வேண்டும் என்று பிண்ணாக்கை மட்டும் அள்ளிப் போடுவது இதற்கு நேர்மாறான தவறு. புரதம் மிகுந்து ஆற்றல் குறைந்தால் இரைப்பையில் அம்மோனியா பெருகி, கல்லீரலில் யூரியாவாக மாறும். இரத்த யூரியா நைட்ரஜன் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமை ஒட்டியோ அதைத் தாண்டியோ போனால் கருப்பைக்குள் அமிலத்தன்மை மாறிச் சினை பிடிப்பது குறைகிறது. பருத்திக்கொட்டையில் இருக்கும் காசிபோல் என்ற நச்சுப் பொருளையும் இங்கேயே சேர்த்துப் படியுங்கள். நன்கு வளர்ந்த இரைப்பை அதைப் பெருமளவு கட்டிப்போட்டுவிடும். ஆனால் இளம் காளைகளில் விந்தணுவின் நடுப்பகுதி பழுதாகும்.

தாது உப்புகளில் பாஸ்பரஸைப் புத்தகங்கள் தூக்கிப் பிடிக்கின்றன. காய்ந்த மேய்ச்சல் நிலத்துக்கு அது சரி. தவிடு தின்னும் நகரத்து மாட்டுக்குப் பாஸ்பரஸ் ஓரளவு கிடைத்துவிடும். கால்சியமும் வைட்டமின் ஏ-யும்தான் தட்டுப்படும். பச்சைப்புல் இல்லையென்றால் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டீன் இல்லை. நஞ்சுக்கொடியின் உட்படலம் கெட்டு, சினையின் பின்மாதங்களில் கன்று வீசலாம், அதாவது கருச்சிதைவு ஆகலாம். பிறந்தால் பார்வையில்லாத கன்றாக இருக்கலாம். செலினியமும் வைட்டமின் ஈ-யும் குறைந்தால் நஞ்சுக்கொடி விழாது. துத்தநாகம் குறைந்தால் காளையின் விந்தகம் பாதிக்கப்படும், மாங்கனீசு குறைந்தால் அறிகுறி வெளியே தெரியாத ஊமைச் சினைப்பருவம். இவற்றுக்கு ஆளுக்கொரு வரி போதும். பாஸ்பரஸ் குறைந்த மாடு கண்டதையும் தின்னும் என்பதால், போஸ்டர் தின்னும் மாட்டைப் பார்த்ததும் "பாஸ்பரஸ் குறைபாடு" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வெறும் பசியாகவும் இருக்கும்.

மாசுப் பகுதியில் மாணவர்கள் வழுக்குவது ஒரே இடத்தில்தான்: எலியில் கண்டதை மாட்டின் தலையில் கட்டுவது. காட்மியம் எலியின் விந்தகத்தை இரத்தத்திலிருந்து பிரித்துக் காக்கும் தடுப்பைச் சிதைக்கிறது என்பது உறுதியான சோதனை முடிவு. எண்ணூர்க் கழிமுகத்தில் கன உலோகங்கள் பதிவாகியிருப்பதும் உண்மை. இரண்டையும் ஒட்டி, "ஆகவே எண்ணூர் மாடுகள் மலடாகின்றன" என்று எழுதினால் அது அனுமானம். அனுமானம் என்று சொல்லியே எழுதுங்கள். ஈயத்துக்கும் இதே எச்சரிக்கை. பழைய பேட்டரியை நக்கிய மாட்டில் முதலில் தெரிவது பார்வைக்கோளாறும் பல் நறநறப்பும்; இனப்பெருக்கம் பிறகு.

உறுதியாக எழுதக்கூடிய உதாரணங்கள் சிலவற்றைக் கையில் வைத்திருங்கள். வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்துபோனதை 1967-ல் பிரிட்டிஷ் பறவை ஆய்வாளர் ராட்கிளிஃப் எழுதினார்; டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் சிதைபொருளான டி.டி.இ.தான் காரணம் என்பது பின்னர் உறுதியானது. கோழி அதே பொருளை ஓரளவு தாங்கிக்கொள்ளும், ஆகவே இனத்துக்கு இனம் வேறுபாடு என்ற கேள்வி இங்கிருந்து வரும். துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு மறக்காத ஒன்று கப்பல் அடிப்பாகப் பெயிண்டில் கலந்திருந்த டிரைபியூட்டைல் டின்: பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. அதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம் 2001-ல் ஏற்கப்பட்டு 2008-ல் நடைமுறைக்கு வந்தது. தீவனமே ஹார்மோன் போல வேலை செய்வதற்கு, 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்ற தீவனப் பயிரை மேய்ந்த செம்மறி ஆடுகள் மலடானதைச் சொல்லலாம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உருவாகும் சீரலெனோன் என்ற நச்சு பன்றிக்குச் செய்வதும் அதே வகை.

காளை பற்றிய விடையில் ஓர் எண் கட்டாயம் வேண்டும்: விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாள். இன்று நச்சோ கடும் வெயிலோ தாக்கினால், விந்துப் பரிசோதனையில் அதன் விளைவு சில வாரம் கழித்துத் தெரிந்து வாரக்கணக்கில் நீடிக்கும். "இன்றைய மாதிரி நன்றாக இருக்கிறதே" என்று தேர்வாளர் மடக்கும்போது இது கைகொடுக்கும்.

செய்முறைக்கு, இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் சினைப்பைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பருவச் சுழற்சி ஒழுங்காக நடக்கும் பசுவின் சினைப்பையில், முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள் ஆரஞ்சு நிறத்தில் புடைத்துத் தொப்பி போல நிற்கும். இளைத்த மாட்டினுடையது சிறிதாக, வழவழப்பாக, எதுவும் இல்லாமல் இருக்கும். எருமையில் மஞ்சள் திரள் உள்ளடங்கி வெளிறியிருக்கும். அதைக் குறைபாடு என்று எழுதிவிடாதீர்கள், எருமையின் இயல்பே அது.

வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் வருவது, பலமுறை சினை ஊசி போட்டும் பிடிக்காத மாடு. மருந்துப் பெயரில் தொடங்காமல், எத்தனை நாளில் பருவம் திரும்புகிறது என்று கேளுங்கள். சரியாக 21 நாள் என்றால் கருவுறவில்லை, அல்லது 16, 17-ஆம் நாளுக்கு முன்பே கரு அழிந்துவிட்டது. நாள் தள்ளிப்போனால் கரு தங்கிப் பின்னர் அழிந்திருக்கலாம். அடுத்ததாக என்ன தின்கிறது, எங்கே மேய்கிறது என்று விசாரியுங்கள். பிறகு தினமும் 50 கிராம் அளவில் தாது உப்புக் கலவை, பசுந்தீவனம், குப்பைமேட்டுக்கு அவிழ்த்துவிடாமல் இருப்பது.

"பசுந்தீவனம் வாங்க அவரிடம் காசு இல்லையே?" என்பார் தேர்வாளர். அகத்திக்கீரை, காய்கறிச் சந்தையில் ஒதுக்கும் இலைகள் என்று சொல்லலாம். சொல்லும்போதே கோஸ், காலிஃபிளவர் இலைகளை அளவோடு என்று சேர்த்துவிடுங்கள். மிகுந்தால் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வது தடைபட்டு, கழுத்து வீங்கிய, முடியில்லாத கன்று பிறக்கலாம். அடுத்த கேள்வி அநேகமாக அயோடின் பற்றித்தான் வரும்.