பரங்கிக்காய் காபி

ஸ்டார்பக்ஸ் 2003ல் கொண்டுவந்த பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே என்கிற மசாலா பால் காபியில் 2015 வரைக்கும் பம்ப்கினே, அதாவது பரங்கிக்காயே, கிடையாது! பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசனைதான் மொத்த வித்தையும். அப்புறம் வீட்டில் போட என்ன தயக்கம்?

ஆயுத பூஜை சமயத்தில் பெங்களூரு மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் குவிந்து கிடப்பது வெள்ளைப் பூசணி, அது உடைக்க. இதற்கு வேண்டியது நம்ம பரங்கிக்காய். ஒரு துண்டை வேகவைத்து மசித்து, இரண்டு ஸ்பூன் விழுதை நாட்டுச்சர்க்கரையோடு பச்சை வாசனை போகும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் காபியில் கூட்டு வாசனை வரும். பட்டைப் பொடி கால் ஸ்பூன், சுக்கு ஒரு சிட்டிகை, கிராம்பு ஒன்று தட்டி. ஜாதிக்காய் மட்டும் கல்லில் இரண்டே உரசல். கூடினால் பிரசவ மருந்து மாதிரி ஆகிவிடும்.

பால் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இதைக் கலக்க வேண்டும். நாட்டுச்சர்க்கரையோடு கொதித்தால் பால் திரியலாம். வடிகட்டி, கடைசியில் டிகாஷன். எஸ்பிரஸோ மெஷினெல்லாம் வேண்டாம். சிக்கரி கலந்த திக்கான பில்டர் டிகாஷன்தான் இந்த இனிப்புக்கு ஈடுகொடுக்கும். நுரைக்கு டபரா டம்ளர் இருக்கே.

மாமியார் முழுசாகக் குடித்துவிட்டுச் சொன்னது: "நல்லாத்தான் இருக்கும்மா. இப்ப காபி போடேன்."