விதையிலிருந்து பாப்பி: கலைத்து விடுவதுதான் பெரிய வேலை

இந்தப் பருவத்தில் பாப்பி என்ற பூச்செடியில் இரண்டு வகை விதைத்தேன்: ஷெர்லி பாப்பி, கலிபோர்னியா பாப்பி. விதை வாங்கும்போது பொட்டலத்தில் தாவரப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். ‘பாப்பாவர் ரோயாஸ்’ என்று இருந்தால் அது ஷெர்லி பாப்பி சேர்ந்த இனம். ‘பாப்பாவர் சோம்னிஃபெரம்’ என்றால் கசகசாவும் அபினியும் தரும் செடி. பல நாடுகளில் உரிமம் இல்லாமல் அதை வளர்க்கக் கூடாது.

பாப்பிக்கு ஆணிவேர். பிடுங்கி நட்டால் பெரும்பாலும் தேறாது. அதனால் நாற்று விடாமல், பூக்க வேண்டிய இடத்திலேயே விதைத்தேன். விதை மிகச் சன்னம் என்பதால் காய்ந்த மணலில் கலந்து தூவினேன். மேலே மண் போடவில்லை. ஷெர்லி விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டு ஸ்பிரேயில் தண்ணீர் தெளித்தால் போதும். வெயில் தணிந்து 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாட்கள்தான் விதைக்கச் சரியான சமயம். முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை மேல்மண் காயக் கூடாது, சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. ஈரம் மிஞ்சினால் நாற்றழுகல் வந்து முளைகள் அடியோடு சாய்ந்துவிடும்.

முளைத்தவை பாத்தி முழுக்கப் பச்சையாக நெருக்கியடித்து நின்றன. பார்க்க ஆசையாக இருந்தாலும் அப்படியே விட்டால் எல்லாமே நோஞ்சானாகும். நான்கைந்து இலை வந்ததும் கலைக்க, அதாவது அதிகப்படி நாற்றுகளை நீக்க ஆரம்பித்து, கடைசியில் செடிக்குச் செடி சுமார் 20 செ.மீ. இடைவெளி விட்டேன். வேண்டாததைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும் என்பதால், சின்னக் கத்தரியால் தரையோடு நறுக்கினேன். மனம் வராத வேலைதான். ஆனால் பாத்தி ஓரத்தில் கலைக்காமல் விட்ட கொத்து ஒற்றைப் பூவோடு நின்றுவிட்டது. இடம் கிடைத்த செடிகளோ அடியிலிருந்தே கிளைத்து மொட்டாக விட்டுத் தள்ளின. உரம் அதிகம் கேட்கவில்லை. தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும்.

ஷெர்லி மொட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ரோமம் அடர்ந்த காம்பு வளைந்து, மொட்டு தலைகீழாகத் தொங்கும். பூக்கும் நேரம் நெருங்கியதும் காம்பு நிமிர்கிறது. மொட்டை மூடியிருப்பவை இரண்டே புல்லிதழ்கள், அவை பிளந்து கீழே விழுந்ததும், உள்ளே அடைந்து கிடந்த நான்கு இதழ்களும் கசங்கிய மடிப்புகளோடு வெளியே வந்து, வெயில் ஏற ஏற நீவிவிட்டதுபோல் விரிகின்றன. பூவுக்கு ஓரிரு நாள்தான் ஆயுள். காய்பிடிக்க விடாமல் வாடிய பூவைக் கிள்ளி வந்தால் அடுத்தடுத்துப் பூக்கும். தேன் இல்லாவிட்டாலும் மகரந்தத்துக்காகக் காலையிலேயே தேனீக்கள் வந்துவிடுகின்றன.

கலிபோர்னியா பாப்பி வேறு பேரினம். அதில் புல்லிவட்டம் ஒரே குல்லாயாகக் கழன்று விழும். மாலையிலும் மேகமூட்டத்திலும் பூ மூடிக்கொள்ளும். நீளமான காய், முற்றியதும் வெடித்து விதையைச் சிதறடிக்கும். கொஞ்சம் முன்னதாகவே பறித்துவிட வேண்டும்.

எனக்கு ஆர்வம் முழுக்க ஷெர்லி மேல்தான். இங்கிலாந்தில் ஷெர்லி என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ், 1880-இல் காட்டுப் பாப்பிகளுக்கு நடுவே இதழ் ஓரம் வெள்ளையாக இருந்த ஒரு பூவைக் கண்டு, அதன் விதையிலிருந்து ஆண்டுக்காண்டு தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகை இது. நடுவில் கருப்பே இல்லாத பூ வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். என் பாத்தியில் இளஞ்சிவப்பும் வெள்ளை ஓரமும் கிடைத்தன. கூடவே அடியில் கருந்திட்டு உள்ள சிவப்புப் பூக்களும் வந்தன. இந்தப் பாப்பி தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். எனவே கருந்திட்டுச் செடி ஒன்று நின்றாலும் அடுத்த தலைமுறையில் அதன் குணம் கலந்துவிடும். முதல் பூவில் கருப்பு தெரிந்த செடிகளை அன்றைக்கே வேரோடு எடுத்துவிட்டேன்.

பிடித்த செடிகளில் நூல் கட்டி, அவற்றை மட்டும் காய்க்க விட்டிருக்கிறேன். காய் பழுப்பாகி, மூடிக்குக் கீழே சிறு துளைகள் திறந்து, ஆட்டினால் விதை சலசலக்கும்போது அறுத்துக் காகித உறையில் போட வேண்டும். வெள்ளை ஓரத்தின் விதையைத் தனி உறையில் வைத்து, அடுத்த பருவத்தில் தனிப் பாத்தியில் விதைக்கப் போகிறேன்.