மாமிட ரிப்போட்டும் வைரஸ்ட ரெண்டு புரதமும்

போன கிழமை ஆரையம்பதி மாமி ஒரு ரிப்போட்ட சுருட்டி கைக்குள்ள வச்சிக்கொண்டு வந்தா. சுகவனிதையர் கிளினிக்ல எடுத்த டெஸ்ட், எச்பிவி பொசிட்டிவ் எண்டு கிடக்கு, கர்ப்பப்பை வாசல் கென்சர் வரப்பண்ணக்கூடிய வைரஸ் அது. மனிசி முதல் கேட்டது கென்சரா எண்டு இல்ல, "நான் என்னகா பிழை செய்தன்" எண்டுதான். ஒரு பிழையும் இல்ல மாமி, இது கனபேருக்கு வந்து போற சாமான், அனேகமா ரெண்டு வருசத்துக்குள்ள உடம்பே துரத்திரும் எண்டன். "போகாட்டி?" எண்டா. அங்கதான் நான் மாட்டினன்.

மாமிக்கு வயல் கணக்கில சொன்னாத்தான் ஏறும். கர்ப்பப்பை வாசல் தோல்ல அடித்தட்டில இரிக்கிற செல்லுகள் விதைநெல்லு மாதிரி, அதில இருந்துதான் மேல்தட்டு எல்லாம் முளைச்சு வரும், மேல வர வர முத்திப்போய் பிறகு பிரியாது. வைரஸ் சின்னக் கீறலுக்குள்ளால பூந்து அந்த அடித்தட்டிலயே குந்திரும். அதுக்கிட்ட தன்னைக் கொப்பி அடிக்க சொந்த மெசின் இல்ல, செல்லுட மெசின்தான் வேணும், ஆனா செல் மேல போகப்போக மெசின நிப்பாட்டிரும். அதுக்காகத்தான் ஈ7 எண்ட புரதம். அது செல் பெருகாம மறிக்கிற ஆர்பி எண்ட காவல்காரனப் பிடிச்சு கடப்பத் திறந்து விடும், மாடெல்லாம் வட்டைக்குள்ள, நிண்ட மெசின் திரும்ப ஓடும். மற்றவன் ஈ6 இன்னும் கள்ளன், பழுதான செல்ல நிப்பாட்டுற பி53 எண்ட பெரிய காவல்காரன தான் அழிக்கமாட்டான், செல்லுட சொந்த ஆளையே கூட்டிவந்து "இது குப்பை" எண்டு சீட்டு ஒட்டி அழிக்க வைப்பான்.

இதுக்குப் பிறகு வாறதுதான் எனக்கு விருப்பமான பகுதி. ஒக்ட்4, சொக்ஸ்2, நானொக் எண்டு சில புரதங்கள், கரு உண்டாகிற காலத்தில வேலை செய்யும், வளந்த செல்லில அனேகமா அணைஞ்சு கிடக்கும். (நானொக் எண்ட பேர் அயர்லாந்துக் கதையில வாற, ஆருக்கும் வயசு போகாத நாட்டிட பேராம்.) 2006ல ஜப்பான் விஞ்ஞானி யமனாகா ஒக்ட்4, சொக்ஸ்2 உட்பட நாலு காரணிய உள்ளுக்குப் போட்டு எலிட வளந்த செல்ல ஸ்டெம் செல் (எந்தச் செல்லாவும் மாறக்கூடிய மூலச் செல்) மாதிரி ஆக்கிக் காட்டினார், 2012ல நோபல் கிடைச்சது. கர்ப்பப்பை வாசல் கென்சர்ல இந்தக் காரணிகள்ல சிலது திரும்ப ஏறி நிக்கிறதக் கண்டிரிக்காங்க. ஈ7 நேரா ஒக்ட்4ஐப் பிடிக்கும், ஈ6 டெலோமரேஸ் எண்ட, டிஎன்ஏ நுனி தேயாமக் காக்கிற நொதியத் தட்டி எழுப்பி செல்லுக்குக் கிழடு வராமப் பண்ணும். விளைஞ்ச கதிர நாத்தாக்கிற வேலை! ரேடியேசன் குடுத்த பிறகும் தப்பி நிண்டு திரும்ப முளைக்கிறது இந்த மாதிரிச் செல்லுகள்தான் எண்டு சந்தேகப்படுறாங்க. அதுக்காக எல்லாம் ஸ்டெம் செல்லாலதான் எண்டு பேஸ்புக்ல எழுதுறது கூடின கதை.

பகிடி என்னெண்டா வைரசுக்கு இதில ஒரு லாபமும் இல்ல. கென்சர் ஆகிறநேரம் அனேகமா அதுட டிஎன்ஏ உடைஞ்சு எங்கட டிஎன்ஏக்குள்ள செருகுப்பட்டிரும், ஈ6 ஈ7க்குக் கடிவாளம் போடுற ஈ2 அதில முறிஞ்சிரும், பிறகு வைரஸ் வெளியால வரவும் ஏலா. 1951ல ஒரு பொம்பிளட கர்ப்பப்பை வாசல் கென்சர்ல இருந்து எடுத்த ஹீலா செல்லுகள் இண்டைக்கும் லேப்ல பெருகுது, அதுக்குள்ள இரிக்கிறது எச்பிவி 18. அதுட பி53 பழுதே இல்ல, அழிபட்டுக்கொண்டே இரிக்கி, அவ்வளவுதான். ஈ6ஐயும் ஈ7ஐயும் அடக்கினா அந்தச் செல்லுகளே பெருகிறத நிப்பாட்டுது. எனக்கு இதுதான் பெரிய நம்பிக்கை.

மாமி எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப பேத்திக்கு ஆறாம் வகுப்பில போட்ட ஊசிய எனக்கும் போட்டா என்ன" எண்டா. 2017ல இருந்து இலங்கையில பள்ளிக்கூடத்தில பொம்பிளப் புள்ளையளுக்குப் போடுற எச்பிவி ஊசிதான். அந்த ஊசி வைரஸ்ட வெளி ஓட்ட உடம்புக்கு அடையாளம் காட்டும், உள்ளுக்க குடியேறினது காட்டுறது முக்கியமா ஈ6, ஈ7 மாதிரி உள் புரதங்களத்தான், அத ஊசி தொடாது எண்டன். "அப்ப வாசல்ல நிக்கிற கள்ளனுக்குத்தான் அது" எண்டா. நான் அரைமணித்தியாலமா சொன்னத மனிசி ஒரு வரியில முடிச்சிட்டா.

வியாழக்கிழமை கொல்போஸ்கொப்பி, கர்ப்பப்பை வாசலப் பெருப்பிச்சுப் பாக்கிற சோதனை. நானும் கூடப் போறன்.