21ஆம் எண் பெட்டி

நான் ஆரி வேலை கற்றுக்கொடுப்பவள். துணியில் மணியும் சமிக்கியும் தைப்பதுதான் பிழைப்பு. பண்டைய எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த ஒரு பெட்டிக்குள் மணியும் பொன் சமிக்கியும் தைத்த அங்கிகள் கசங்கிக் கிடந்தன என்று படித்த நாளிலிருந்து ஒரே கேள்வி மனத்தைக் குடைந்தது. எப்படித் தைத்தார்கள்? ஒவ்வொரு மணியாகவா, அல்லது நூலில் கோத்த சரத்தைத் துணிமேல் படியவைத்தா? அரசனின் பொன்முகமூடிக்கு எங்கு பார்த்தாலும் படம் இருக்கிறது. இந்த அங்கிகளைப் பற்றி எழுதியவர்களோ ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அகழ்வின்போது எழுதிய மூலக் குறிப்புகளையே நேராகப் பார்க்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கல்லறையை அகழ்ந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939இல் இறந்தபின், அவருடைய நாட்குறிப்புகள், பொருள்களை விவரித்த அட்டைகள், ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை அவருடைய உடன்பிறந்தாரின் மகள் ஆக்ஸ்போர்டின் கிரிஃபித் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். அவற்றை அந்நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கையெழுத்து புரியாவிட்டால் தட்டச்சுப் பிரதியும் உண்டு. ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். ஒரு மாதம் ஆனது.

என்னை முதலில் தடுக்கியவை எண்கள். கார்ட்டர் கல்லறையில் இருந்தவற்றுக்கு 1 முதல் 620 வரை எண் கொடுத்தார். பொருள்களோ ஐந்தாயிரத்துக்கும் மேல். எனவே ஒரு பெட்டிக்கு ஓர் எண், அதற்குள் இருப்பவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகள், இசட் வரை தீர்ந்துவிட்டால் ஏஏ, பிபி என்று இரட்டை எழுத்துகள். இது ஒரு வரிசை. பர்ட்டனின் கண்ணாடி நெகட்டிவ்களுக்குத் தனியாக ஒரு வரிசை. கெய்ரோ அருங்காட்சியகம் தன் பதிவேட்டில் கொடுத்தது மூன்றாவது. நான் தேடிய வண்ணப் பெட்டி கார்ட்டருக்கு 21, கெய்ரோவுக்கு 61467. முதல் வாரம் முழுவதும் கெய்ரோ எண்ணைக் கார்ட்டர் அட்டைகளில் தேடிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தளத்தில் 21 என்பதை 021 என்று மூன்று இலக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு பிடிபட்டது.

அடுத்தது என் சொந்தத் தவறு. படங்கள் கிடைக்கக் கிடைக்க ஒரே அடைவில் போட்டு, 'பெட்டி 1', 'பெட்டி 2', 'நல்ல படம்' என்று பெயரிட்டேன். பத்து நாள் கழித்து எந்தப் படம் எந்த நெகட்டிவ், எது மேலடுக்கு, எது அதற்குக் கீழ் என்று எதுவும் தெரியவில்லை. பர்ட்டன் கல்லறையின் முன்னறையில் எடுத்த படங்களில் பொருள்களின் மேல் சிறு சிறு எண் அட்டைகள் நிற்கும். அதே காட்சியை அட்டைகள் இல்லாமலும் எடுத்திருப்பார். எண் வைத்துப் படம் எடுத்து முடியும்வரை எதையும் இடம் மாற்றுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். இந்தக் கல்லறை இருக்கும் அரசர் பள்ளத்தாக்கிலேயே வேறொரு கல்லறையை இருட்டறையாக வைத்துக்கொண்டு, கண்ணாடித் தட்டைக் கழுவிப் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஓடிப்போய் வருவாராம் பர்ட்டன். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கச் சோம்பல்பட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கினேன்.

பெட்டிக்கு வருகிறேன். மூடியில் வேட்டைக் காட்சி, பக்கங்களில் போர்க் காட்சிகள் என்று வண்ணம் தீட்டிய மரப்பெட்டி. சுமார் 61 சென்டிமீட்டர் நீளம். திறந்ததும் மேலே நாணலாலும் பாப்பிரஸ் கோரையாலும் செய்த செருப்புகள், சற்றுக் கீழே பொன் பூசிய தலையணைத் தாங்கி, ஒரு பக்கம் சுருட்டித் திணித்த அரச அங்கி. பழங்காலத்திலேயே திருடர்கள் உள்ளே நுழைந்து கலைத்துவிட, கல்லறைக் காவல் அதிகாரிகள் கையில் கிடைத்ததை அள்ளித் திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மடித்து வைத்திருந்தால் என் கேள்விக்கு விடை சுலபமாகக் கிடைத்திருக்கும்.

இதைக் காலிசெய்த வேலையில் முக்கியமானவர் ஆர்தர் மேஸ். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர், எகிப்தில் அகழ்வு நடத்திய ஃபிளிண்டர்ஸ் பெட்ரிக்கு உறவினர், அவரிடமே அகழ்வு கற்றவர். இரண்டாம் சேத்தி மன்னரின் கல்லறையைப் பட்டறையாக்கி, அதற்குள் இந்த ஒரு பெட்டியின் அடியைத் தொட மூன்று வாரம் ஆனது. துணி தொட்டால் பொடிந்தது. அப்போது அவர்களுக்கு இரண்டே வழி இருந்தது. துணியைக் காப்பாற்ற முயன்றால் மணி வேலைப்பாட்டின் ஒழுங்கு தெரியாமலே போகும். துணியைக் கைவிட்டால் அடுக்கடுக்காகப் பிரித்து, எந்த மணி எங்கே இருந்தது என்று எழுதி, பின்னால் புதுத்துணியில் தைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் துணியைக் கைவிட்டார்கள்.

இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. நூல் போன பிறகு தையலை எங்கே பார்ப்பது? ஆனால் பழைய பட்டுப்புடவை ஒன்றை மடிப்புப் பிரிக்கும்போது அது கையிலேயே கிழிந்துபோனதைப் பார்த்தவள் நான். இங்கே மூவாயிரம் ஆண்டைத் தாண்டிய லினன். கையில் இருக்கும் நேரத்தில் எதை எழுதி வைக்கலாம் என்றுதான் மேஸ் யோசித்திருக்க வேண்டும்.

அங்கிகளில் பல சிறுவன் ஒருவனின் அளவில் இருந்தன. சிறு வயதிலேயே அரியணை ஏறிய துட்டன்காமன் போட்டுக் கழித்த உடைகள் அவை. அட்டையின் எழுத்து திடீரென்று எனக்கு நெருக்கமானது அங்கேதான். குழந்தைச் சட்டைக்கு மணி தைப்பது எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும். ஓடியாடினால் அறுந்துவிடும்.

சொற்களும் கொஞ்சம் படுத்தின. மணிகள் ஃபயான்ஸால் ஆனவை என்று அட்டையில் இருந்தது. ஃபயான்ஸ் என்றால் மண்பாண்டம் என்று அகராதி சொன்னதை நம்பி, கனமான மணி என்று கற்பனை செய்துகொண்டேன். எகிப்தில் அது குவார்ட்ஸ் பொடியைக் குழைத்துச் சுட்ட, நீலப் பளபளப்பு ஏறிய பொருள். சிறு சிறு மணிகளாகவும் செய்தார்கள். மணி கனமா இலேசா என்பதைப் பொறுத்துத்தான் நூல் தாங்குமா தாங்காதா என்று சொல்ல முடியும். அந்த ஒரு சொல்லால் என் கணக்கெல்லாம் தப்பியிருந்தது.

பெட்டியின் கதையும் உடைக்குச் சளைத்ததல்ல. வண்ணம் உதிராமல் இருக்க செல்லுலாய்டு கரைசலைத் தெளித்தார்கள். சில வாரங்களில் வெளிக்காற்றின் வறட்சியில் மரம் சுருங்கியது. மேலிருந்த சுண்ணப்பூச்சு சுருங்கவில்லை, எழும்பத் தொடங்கியது. உருக்கிய பாரஃபின் மெழுகை விட்டுப் பிடித்து நிறுத்தினார்கள். இன்று அந்த ஓவியத்தைப் பார்க்க முடிகிறது என்றால் அந்த மெழுகுக்கும் அதில் பங்கு உண்டு.

பர்ட்டன் படங்களில் என்னை உறுத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பொருள்களைத் தூக்குகட்டிலில் கட்டிச் சுமந்து நடக்கும் எகிப்தியர்கள் படத்துக்குப் படம் இருக்கிறார்கள். பெயர்கள் மட்டும் இல்லை. மேஸுடன் சேர்ந்து எழுதிய நூலில் மேஸ்திரிகள் நால்வரைக் கார்ட்டர் பெயர் சொல்லி நன்றி கூறுகிறார்: அகமது கெரிகர், காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சயீத். சுமப்பவர்களில் யார் யார் என்று அடையாளம் காண அது போதவில்லை. அந்த நால்வரையும் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

இப்போது கட்டத் தாளில் ஓர் அங்கியின் ஓரத்தை வரைந்து, நீல மணிகளைச் சரமாகக் கோத்து, பழைய மல் துணியில் ஒரு சாண் அளவுக்குப் படியவைத்துப் பார்த்திருக்கிறேன். என் ஊகம் சரம்தான். மாணவி ஒருத்தி, அப்படியானால் இடையிடையே எத்தனை மணிக்கு ஒரு கட்டு போட்டிருப்பார்கள் என்று கேட்டாள். 21ஆம் எண்ணில் நான் இன்னும் திறக்காத அட்டைகள் இருக்கின்றன. தைத்த துண்டின் ஓரத்தில் 021 என்று எழுதிய சீட்டைக் குத்தி வைத்துவிட்டு, இன்றிரவு மறுபடி உட்கார வேண்டும்.