பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறீர்களா? முதலில் வில்லங்கம் பாருங்கள்

பதிவுச் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. 1970களின் கடைசியில் கட்டிய 32 அடி ஃபைபர்கிளாஸ் ஸ்லூப் (ஒற்றைப் பாய்மரப் படகு), நீளக் கீல் (படகு கவிழாமல் காக்கும் கனத்த அடிப்பகுதி), டீசல் இன்ஜின். பெருங்கடல் தாண்டக் குறைந்த விலையில் படகு தேடுகிறவர்களில் பாதிப்பேர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். இத்தனை சின்னப் படகு தாங்குமா என்று இன்னும் கேட்கிறார்கள். மேட் ரதர்ஃபோர்ட் 2011-12ல் 27 அடி அல்பின் வேகாவில் வட, தென் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் தனியாளாக, எங்கும் நிற்காமல் சுற்றி வந்திருக்கிறார். அளவைப் பற்றி இனி நான் பேசப்போவதில்லை. நான் பட்ட பாடெல்லாம் காகிதத்தில்தான்.

விற்பவரிடம் விற்பனைப் பத்திரம் இருந்தது. கையெழுத்து, சாட்சி எல்லாம் ஒழுங்கு. ஆனால் பதிவேட்டிலிருந்து உரிமை வரலாற்றுப் பிரதியை எடுத்துப் பார்த்தால் கடைசி உரிமையாளர்களாக வேறு இருவர் பெயர் இருக்கிறது. அவர்களிடமிருந்து இன்னொருவர் வாங்கி, தன் பெயருக்குப் பதிவே செய்யாமல், இப்போது விற்பவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். மலிவு விலைப் படகுகளில் இது சகஜம். கட்டணமும் வரியும் மிச்சம் என்று பத்திரத்தை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒரு கைமாற்றம் விட்டுப்போனால் அதற்குப் பின்னால் வரும் எந்தப் பத்திரமும் பதிவாகாது.

தரகர் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "முதலில் பணத்தைக் கட்டிவிடுங்கள் சார், அதெல்லாம் அப்புறம் சரியாகிவிடும்" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் போன பிறகு அந்தப் பழைய உரிமையாளர்களைத் தேடி அலைய விற்பவருக்கும் அவசியமில்லை, தரகருக்கும் அவசியமில்லை. முன்பணம் தரகரின் சொந்தக் கணக்கில் இல்லாமல், வாங்குபவர் பணத்தைத் தனியே வைத்திருக்கும் பொறுப்புக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் "சர்வே, கடலோட்டம் திருப்தியாக இருந்தால்" என்று எப்போதும் எழுதுகிறார்களே (சர்வே என்றால் நிபுணர் செய்யும் படகுப் பரிசோதனை, கடலோட்டம் என்றால் கடலில் ஓட்டிப் பார்ப்பது), அதோடு "உரிமை வரலாறு இடைவெளியில்லாமல், கடன் பாக்கியில்லாமல் இருந்தால்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது.

அடுத்தது பதிவு அலுவலகம். இடைப்பட்ட பத்திரத்தின் நகல் போதும் என்று போனில் சொன்னார்கள். நகலோடு நேரில் போனால் கவுன்டரில் இருந்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அசல்தான் வேண்டுமாம். படகு அப்போது இரண்டு பேர் பெயரில் இருந்ததால் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். பயணச் செலவும் ஒரு வேலைநாளும் வீண். எந்த அலுவலகமானாலும் தேவையான ஆவணங்களின் பட்டியலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, அதை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். அசல் பத்திரம் கிடைக்கவே கிடைக்காது என்றால், பழைய உரிமையாளர் புதிதாக ஒரு விற்பனைப் பத்திரம் எழுதித் தரலாமா என்று கேளுங்கள். எங்கள் சிக்கல் அப்படித்தான் தீர்ந்தது. எழுதித் தர அவர்கள் இருவருமே தயங்கவில்லை.

அது முடிந்த பிறகு இன்னொன்று கிளம்பியது. பதிவேட்டில் பழைய அடமானம் ஒன்று இன்னும் உயிரோடு இருந்தது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது. ஆனால் வங்கி தரும் அடமான விடுவிப்புக் கடிதத்தை யாரும் பதிவு செய்யவில்லை. கடன் கொடுத்த வங்கியோ வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. கடிதம் வாங்குவது விற்பவரின் பொறுப்பு. அது வந்து சேரும்வரை மீதிப் பணத்தில் கை வைக்க விடாதீர்கள்.

ஹல் (படகின் உடற்கூடு) அடையாள எண்ணையும் ஒப்பிடாமல் விடாதீர்கள். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் படகின் பின்பக்கத்தில் வலப்புற மேல் மூலையில் பன்னிரண்டு எழுத்துகளாக இது பொறிக்கப்படுகிறது. தொடர் எண் பகுதியில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரக்கூடாது என்பது விதி. எங்கள் பத்திரத்தில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஓ எழுத்தைத் தட்டிவைத்திருந்தார்கள். அந்த ஓர் எழுத்துக்காக மனு முழுவதும் திரும்பி வந்தது. நிலம் வாங்குகிறவர் சர்வே எண்ணைச் சரிபார்ப்பதுபோல, படகில் பொறித்த எண்ணைப் போட்டோ எடுத்துப் பத்திரத்தோடு எழுத்து எழுத்தாக வைத்துப் பாருங்கள்.

ஐரோப்பியக் கடலில் படகு வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி கட்டியதற்கான ஆதாரம் இல்லாத படகு பின்னால் தலைவலி. 1985க்கு முந்தைய படகு, 1992 டிசம்பர் 31 அன்று ஐரோப்பியச் சமூக எல்லைக்குள் இருந்ததாகக் காட்ட முடிந்தால் வரி கட்டியதாகவே கருதப்படும். அந்தக் காலத்து மெரினா ரசீதுதான் அதற்குச் சாட்சி. விற்பவர் குப்பை என்று ஒதுக்கும் பழைய காகிதப் பெட்டியை அப்படியே கேட்டு வாங்குங்கள்.

இனி படகுக்கு வருவோம். சர்வேயரைத் தரகர் சிபாரிசு செய்தால் வேண்டாம், நீங்களே பிடியுங்கள். அறிக்கையில் "அணுக முடியாததால் பரிசோதிக்கவில்லை" என்று வரும் வரிகளுக்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். செலவு ஒளிந்திருப்பது அங்கேதான்.

எங்கள் அறிக்கையில் அந்த வரி செயின்பிளேட்டுகளுக்கு வந்தது. பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் படகில் வந்து சேரும் எஃகுப் பட்டைகள் அவை. மேல்தளமான டெக்குக்கு மேலே தெரியும் பகுதி கண்ணாடியாக மின்னும். டெக்கைத் துளைத்துக்கொண்டு போகும் அந்த ஒன்றிரண்டு அங்குலத்தில்தான் நோய். துருப்பிடிக்காத எஃகுக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் படாமல் ஈரம் மட்டும் தேங்கினால் அதன் காப்புப் படலம் அழிந்து உள்ளே குழி விழும். ஒன்றையாவது கழற்றித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். வெளியே வந்த பட்டையில் டெக்கின் கனத்துக்குச் சரியாகப் பழுப்பு வளையம், அதற்குள் ஊசி குத்தியதுபோன்ற குழிகள். சாயம் தடவித் துடைத்ததும் போல்ட் துளையின் ஓரத்திலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு, அதாவது விரிசல். நடுக்கடலில் காற்று வலுத்திருந்தால் பாய்மரமே போயிருக்கும். எல்லாப் பட்டைகளையும் 316 தர எஃகில் புதிதாகச் செய்யும் செலவை விலையில் கழித்தோம்.

செயின்பிளேட் ஒழுகினால் டெக்கும் கெட்டிருக்கும். இந்த வயதுப் படகுகளில் பலவற்றின் டெக் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தது. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும், ஊறிய இடம் மொத்தையாகக் கேட்கும். கைப்பிடித் தூண்களின் அடி, செயின்பிளேட் ஓரம், பாய்மரத்தின் அடி, இந்த மூன்றையும் விடாதீர்கள். சிறு பரப்பென்றால் மேல் தோலை அறுத்து, ஊறிய மரத்தைச் சுரண்டியெடுத்து, புது மரத்தை எபாக்சியில் பதித்து மூடலாம். டெக்கில் பாதி போயிருந்தால் அந்தப் படகு வேண்டாம். கரையேற்றிய உடனே ஹல்லில் ஈரமானியை வைத்து வரும் எண்ணையும் நம்பாதீர்கள், காயவிட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் படகில் ஈயம் கீலுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் கீல் போல்ட் கவலை இல்லை. போல்ட் போட்ட கீல் என்றால் உள்ளே, கீலின் பின்முனைக்கு மேலே பாருங்கள். தரைதட்டும்போது அந்த முனைதான் ஹல்லை மேல்நோக்கிக் குத்தும். 2014ல் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபீக்கி என்ற படகு கீல் கழன்று கவிழ்ந்து நால்வர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பாய்மரத்தைத் தாங்கும் நிலைக் கம்பிகளுக்கு ரசீது இல்லையென்றால் பழசு என்றே கணக்குப் போடுங்கள். 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்றுவது பொதுவான வழக்கம், காப்பீட்டுக்காரர்களும் வயதைக் கேட்பார்கள். ஸ்டா-லாக் போன்ற கையாலேயே பூட்டும் முனைகளைப் போட்டுக்கொண்டால், படகிலேயே மிக நீளமான கம்பியின் அளவுக்கு ஓர் உபரிக் கம்பியும் சில முனைகளும் இருந்தால் போதும், கடலிலேயே மாற்றலாம்.

இன்ஜினை ஓட்டிக் காட்டச் சொல்லும் முன் அதன் மேல் கை வையுங்கள். நாங்கள் போனபோது சூடாக இருந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று முன்னாடியே ஓடவிட்டார்களாம். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பற்றுகிறது, என்ன புகை விடுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். மறுநாள் வருகிறோம் என்று திரும்பிவிட்டோம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, கறுப்பு என்றால் சுமை கூடுதல் அல்லது காற்றுப் பற்றவில்லை. பத்து நிமிடமாவது முழு வேகத்தில் ஓடி, குறித்த சுழற்சியை எட்டி, சூடேறாமல் இருக்க வேண்டும். சூடேறினால் புகைபோக்கி வளைவில் கரி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடல்நீர் வால்வுகளைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோன பித்தளை, எல்லாவற்றையும் வெண்கலத்துக்கு மாற்றியாக வேண்டும்.

கடலோட்டம் நன்றாகப் போனது. பாய்கள் பழசு, ஆனால் ஓடும்.

நிபந்தனைகளை விலக்கிக் கையெழுத்துப் போடும் முன் காப்பீட்டின் விலையை எழுத்தில் வாங்குங்கள். பழைய படகு, பெருங்கடல் பயணம் இரண்டும் சேர்ந்தால் மறுப்பவர்கள் உண்டு. படகின் விலையில் பாதிக்குக் குறையாமல் பழுதுபார்ப்புக்கென்று தனியே ஒதுக்கிவைக்க முடியாதென்றால் இன்னும் சின்னப் படகாகப் பாருங்கள்.

கடைசியாக ரேடியோவும், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே சிக்னல் அனுப்பும் இபெர்பும். பல ரேடியோக்களில் படகை அடையாளம் காட்டும் எம்எம்எஸ்ஐ எண்ணை நாமே ஒருமுறைதான் பதிக்க முடியும். பழைய எண்ணை அழிக்கத் தயாரிப்பாளருக்கோ விற்பனையாளருக்கோ அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு நாள் ஒதுக்குங்கள். இபெர்ப் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால், நீங்கள் ஆபத்தில் இருக்கும்போது மீட்பு மையம் கூப்பிடுவது அவருடைய போனை. கிளம்பும் முன் பதிவை உங்கள் பெயருக்கும் கரையில் இருக்கும் உங்கள் ஆட்களின் எண்ணுக்கும் மாற்றுங்கள். பேட்டரியின் காலாவதித் தேதியையும், படகு மூழ்கினால் நீரழுத்தத்தில் இபெர்பைத் தானாக விடுவிக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் கருவி இருந்தால் அதன் இரண்டாண்டுக் கெடுவையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.