எரேமியா வாங்கிய நிலம்

வாக்குத்தத்தம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் வாயில் வருவது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29:11 தான், உங்களுக்கு நல்ல முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்கிற வசனம். எனக்கும் மிகப் பிடித்த வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும், ஏனென்றால் பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பின்புதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று கர்த்தர் சொல்வது அங்கேதான். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பும் நாளைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் அது அவர்களுக்கும் சொல்லப்பட்ட வாக்குதான்.

காத்திருந்து சோர்ந்துபோகும்போது நான் போய் நிற்பது அதே புத்தகத்தின் 32-ம் அதிகாரத்தில். எருசலேமை பாபிலோன் ராஜாவின் சேனை முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார், அந்த நேரம் பார்த்து சித்தப்பா பெரியப்பா வழி உறவுக்காரர் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எருசலேமுக்குப் பக்கத்து ஊர் ஆனதோத். எதிரியின் படை சுற்றிலும் நிற்கும்போது அங்கே ஒரு துண்டு நிலத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? எரேமியா 17 சேக்கல் (அந்தக் கால எடை அளவு) வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளையும் வைத்து, அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். இந்த தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னார், அவ்வளவுதான், அவர் கையில் வேறு எந்த ஆதாரமும் இல்லை.

அப்புறம் அவர் செய்கிற ஜெபம்தான் என்னை ரொம்பத் தொடுகிறது. உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று ஆரம்பிக்கிறார், எகிப்திலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்ததையெல்லாம் சொல்கிறார், கடைசியில் மனதில் இருப்பது வெளியே வந்துவிடுகிறது: ஆண்டவரே, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகப்போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே! விசுவாசமும் குழப்பமும் ஒரே ஜெபத்தில். கர்த்தர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை, என்னால் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டோ என்று திரும்பக் கேட்டு, சொன்னதையே மறுபடி உறுதியாகச் சொல்கிறார்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் ஆசைப்படுகிற எல்லாமே வாக்குத்தத்தம் ஆகிவிடாது. இந்த வேலை, இந்த வீடு, இந்தத் தேதிக்குள் என்று அவர் எனக்கு எழுதித் தரவில்லை. உன்னைவிட்டு விலகுவதில்லை, கைவிடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் அவரிடம் போகலாம். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்று பவுல் எழுதுவதும் அந்தத் தைரியத்தில்தான்.

சரி, அந்த நிலம் என்ன ஆனது? வேதத்தில் நேரடியாக இல்லை. எரேமியாவையும் பிறகு எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் பெர்சியாவின் கோரேஸ் ராஜா அனுமதி கொடுத்து ஜனங்கள் திரும்பிவந்தபோது எடுத்த பெயர்ப்பட்டியல் எஸ்றா 2-ம் அதிகாரத்தில் இருக்கிறது, வெறும் பெயரும் எண்ணிக்கையும் என்று நாம் வேகமாகத் தாண்டிப்போகிற பகுதி அது. 23-ம் வசனத்தைப் பாருங்கள், ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.