யார் சொல்வது, யாரிடம்: பிளேட்டோ தாளை இரண்டாம் முறை எழுதிய அனுபவம்

முதுகலை மெய்யியலைத் தொலைநிலைக் கல்வியில் படித்தபோது கிரேக்க மெய்யியல் தாளில் முதல்முறை 38 மதிப்பெண் பெற்றுத் தவறினேன். கைடு முழுவதும் மனப்பாடமாக இருந்தது. ஐந்து வினாக்களுக்கும் கூடுதல் தாள் வாங்கி எழுதியிருந்தேன். ஆகவே திருத்தியதில்தான் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது என்று நம்பி, கட்டணம் கட்டி விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். நீதி பற்றிய வினாவுக்கு, “பிடிபட மாட்டோம் என்று தெரிந்தால் எந்த மனிதனும் அநீதியையே செய்வான் என்று பிளேட்டோ கூறுகிறார்” என எழுதியிருந்தேன். அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, “யார் சொல்வது? யாரிடம்?” என்று ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் கைடில் விடை இல்லை. மூல உரையாடலைத் திறந்த பிறகுதான் திருத்தியவர் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது.

அதைச் சொல்பவர் பிளேட்டோவின் அண்ணன் கிளாக்கன். பிளேட்டோ உரையாடலாக எழுதிய ‘குடியரசு’ நூலின் இரண்டாம் புத்தகத்தில் அவர், தாம் நம்பாத ஒரு தரப்பை, சாக்ரடீஸ் அதை முழுமையாக மறுப்பதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே வலிந்து எடுத்துப் பேசுகிறார். லிடியா நாட்டு மேய்ப்பன் ஒருவனுக்கு, அணிந்தவரைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் பொன்மோதிரம் கிடைத்த கதையையும், அதைக் கொண்டு அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த கதையையும் அந்தத் தரப்புக்குச் சான்றாகத்தான் சொல்கிறார். சாக்ரடீஸின் மறுமொழி அங்கே தொடங்கி ஒன்பதாம் புத்தகம்வரை நீள்கிறது. பத்தாம் புத்தகத்தில் அதே மோதிரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அது கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆன்மா நீதியானதையே செய்ய வேண்டும் என்று கணக்கைத் தீர்க்கிறார். அதாவது, ஒரு பெருநூலின் பெரும்பகுதியைச் செலவிட்டு மறுக்கப்படும் ஒரு கருத்தை, அந்த நூலாசிரியரின் கருத்தாகவே நான் எழுதி வைத்திருந்தேன்.

பிளேட்டோ தம் உரையாடல்களில் எங்கும் வாய் திறப்பதில்லை. அவருடைய பெயரே மூன்று இடங்களில்தான் வருகிறது: சாக்ரடீஸின் வழக்காடு உரையான ‘அப்பாலஜி’யில் இருமுறையும், சிறையில் சாக்ரடீஸ் நஞ்சருந்திய நாளைச் சொல்லும் ‘ஃபீடோ’வில் ஒருமுறையும். அந்த மூன்றாவது இடத்தில் வரும் செய்தியும், பிளேட்டோ உடல்நலமில்லாமல் இருந்தார் என்று நினைக்கிறேன் என்பதுதான். ஆசிரியரே, ஆசான் இறந்த அறையில் தாம் இல்லை என்று எழுதி வைக்கிறார். இதைப் படித்த அன்று என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் “பிளேட்டோ கூறுகிறார்” என்று எழுதி அடித்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்தேன்: பேசுபவர் யார், அவர் வைக்கும் கருத்து என்ன, அது எந்த இடத்தில் எதனால் உடைகிறது அல்லது தாங்குகிறது. இரண்டாம் முறை தேர்வுக்கு நான் செய்த தயாரிப்பில் பாதிக்கு மேல் இந்தப் பத்திகளை நிரப்பியதுதான்.

மூலநூல் கிடைக்காதே என்று கவலைப்படத் தேவையில்லை. பெஞ்சமின் ஜோவெட் 1871இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்னூலகத்தில் கிரேக்க மூலத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே பார்க்கலாம். தமிழில் ‘குடியரசு’ நூலைப் படிக்க விரும்புவோருக்கு வெ. சாமிநாத சர்மாவின் ‘பிளேட்டோவின் அரசியல்’ இருக்கிறது. எந்தப் பதிப்பை எடுத்தாலும் பக்க ஓரத்தில் 82b, 514a என்பதுபோன்ற எண்கள் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டெஃபானஸ் என்று இலத்தீனில் அறியப்படும் ஹென்ரி எத்தியேன் 1578இல் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்கள் அவை; எல்லா மொழிகளிலும் மேற்கோளுக்கு அவற்றையே பயன்படுத்துகிறார்கள். அந்தப் பதிப்பு மூன்று தொகுதிகளாக வந்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்க எண் இருப்பதால், உரையாடலின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் பொருளில்லை. ஒரு விடைக்கு இரண்டு மூன்று எண்கள் போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சொற்களால் வரும் தொல்லை தனி. ‘அரெடே’ என்ற கிரேக்கச் சொல்லை ‘அறம்’ என்று பெயர்த்து எழுதினால் விடை தொடக்கத்திலேயே சாய்ந்துவிடுகிறது. கண்ணுக்கும் காதுக்கும் கொடி கழிக்கும் கத்திக்கும்கூட அரெடே உண்டு என்று ‘குடியரசு’ முதல் புத்தகத்தில் சாக்ரடீஸ் பேசுகிறார். தனக்குரிய வேலையைச் செவ்வனே செய்யவைக்கும் சிறப்பு என்பதே அதன் பொருள். கத்திக்கு அறம் உண்டு என்று தமிழில் எழுத முடியாது. அதேபோல் ‘ஹோசியான்’ என்பதைப் ‘பக்தி’ என்றால் நம் காதில் உருக்கமும் கண்ணீரும் வந்து சேர்ந்துகொள்கின்றன. கிரேக்கச் சொல்லோ தெய்வங்களின் முன் முறையானது எது என்பதைக் குறிப்பது. முதல் முறை நான் ஒவ்வொரு விடையிலும் வள்ளுவரை ஒப்பிட்டு ஒரு பத்தி சேர்த்திருந்தேன். அந்தப் பத்திகளுக்கு எனக்கு ஒரு மதிப்பெண்ணும் விழவில்லை. ‘அறம்’ என்ற சொல் இரண்டு பக்கமும் இருந்ததால் வந்த மயக்கம் அது என்று இப்போது தெரிகிறது. கிரேக்கச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பொருளை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டு, பிறகு அதையே ஆள்வது நல்லது.

படிக்கும் வரிசையில் ‘யூதிஃப்ரோ’வை முதலில் வையுங்கள். ஸ்டெஃபானஸ் கணக்கில் பதினைந்து பக்கம்கூட வராத அந்த உரையாடலை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். தம் மேல் சுமத்தப்பட்ட தெய்வ நிந்தனை வழக்குக்காக, ஏதென்ஸில் சமய வழக்குகளைக் கவனித்த ‘ஆர்க்கன் மன்னர்’ என்ற அதிகாரியின் மண்டபத்துக்கு வரும் சாக்ரடீஸ், அங்கே சொந்தத் தந்தையின்மேல் கொலை வழக்குத் தொடுக்க வந்திருக்கும் யூதிஃப்ரோவைச் சந்திக்கிறார். குடித்துவிட்டு ஓர் அடிமையைக் கொன்ற கூலியாளைத் தந்தை கட்டிப் பள்ளத்தில் போட்டார், அவன் பசியிலும் குளிரிலும் இறந்துபோனான் என்பது வழக்கு. தெய்வங்களுக்கு உகந்தது இதுவே என்று அவ்வளவு உறுதியாகச் சொல்கிறவரிடம் ‘ஹோசியான்’ என்றால் என்ன என்று கேட்டால், நான் இப்போது செய்வதுதான் என்று ஓர் எடுத்துக்காட்டை நீட்டுகிறார். அது வரையறை ஆகாது. தெய்வங்கள் விரும்புவது என்கிறார். தெய்வங்களுக்குள்ளேயே சண்டை உண்டே என்றதும், எல்லாத் தெய்வங்களும் விரும்புவது என்று திருத்துகிறார். அப்போது 10aயில் வருகிறது அந்தக் கேள்வி: ஒன்று முறையானதாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது முறையானதாகிறதா? தெய்வக் கட்டளையே ஒழுக்கத்துக்கு அடிப்படை என்ற கோட்பாட்டை விவாதிக்கும் எவரும் இன்றுவரை இந்தக் கவட்டில் வந்துதான் நிற்கிறார்கள். ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸ் 1686இல் எழுதிய மீபொருளியல் கட்டுரையின் இரண்டாம் பிரிவில், கடவுள் விரும்பியதால் மட்டுமே ஒன்று நல்லதாகிறது என்ற கருத்தை மறுப்பதை இதன் தொடர்ச்சியாகக் காட்டலாம்.

அடுத்து ‘மெனோ’. ஒன்றே ஒன்றைத்தான் மூலத்தில் படிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அரெடேயைக் கற்பிக்க முடியுமா என்று கேட்டு வரும் மெனோ, அது இன்னதென்று சொல்ல முடியாமல் திணறி, தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் திருக்கை மீனைப் போன்றவர் நீங்கள் என்று சாக்ரடீஸைக் குற்றம்சாட்டுகிறார். பிறகு ஒரு பொறியை வைக்கிறார்: தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது, எதிர்ப்பட்டாலும் அதுதான் இது என்று எப்படி அறிவது? ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்வதே கற்றல் என்று சொல்லும் சாக்ரடீஸ், அதைக் காட்டுவதற்காக மெனோவின் அடிமைச் சிறுவனை அழைத்து, இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தை மண்ணில் வரைந்து, இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். பரப்பு நான்கு, வேண்டியது எட்டு. சிறுவன் நான்கடி என்கிறான், பரப்பு பதினாறாகிறது. மூன்றடி என்கிறான், ஒன்பதாகிறது. தெரியவில்லை என்கிறான்.

இந்தப் பகுதியைப் படிப்பதோடு நிறுத்தாமல் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகளிடம் கட்டம் போட்ட தாளில் வரைந்து கேட்டேன். அவளும் நான்கடி என்றாள், பிறகு மூன்றடி என்றாள், பிறகு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டடிச் சதுரங்கள் நான்கைச் சேர்த்து வரைந்து, நான்கிலும் நான் மூலைக்கு மூலை குறுக்குக் கோடு போட்டதும், பாதிப் பாதியாக நான்கு துண்டு, ஆக எட்டு என்று எண்ணிவிட்டு, “மாமா, கோடு போட்டது நீங்கதானே?” என்றாள். நினைவுகூர்தல் கோட்பாட்டின்மேல் வைக்கப்படும் முதன்மையான மறுப்பு அதுதான்: சாக்ரடீஸ் கேள்விதான் கேட்கிறார், கற்பிக்கவில்லை என்கிறார், ஆனால் மூலைவிட்டத்தை வரைவது அவர், அதற்குப் பெயர் சொல்வதும் அவர். இதற்கு மறுமொழியும் உண்டு. கோடு யார் போட்டதாக இருந்தாலும், அது எட்டுதான் என்பதைச் சிறுவன் சாக்ரடீஸ் சொன்னதற்காக ஏற்கவில்லை. தானே எண்ணிப் பார்த்து ஏற்கிறான். இன்னொன்றையும் விடாதீர்கள். 86b-cயில் சாக்ரடீஸ், இந்தக் கோட்பாட்டின் மற்றப் பகுதிகளுக்காக நான் உறுதியாக வாதாட மாட்டேன், தெரியாததைத் தேட வேண்டும் என்று எண்ணுவதே நம்மைச் சோம்பலிலிருந்து காக்கும் என்பதற்காக மட்டும் சொல்லாலும் செயலாலும் போராடுவேன் என்கிறார். கைடுகள் நினைவுகூர்தலைப் பிளேட்டோவின் அசைக்க முடியாத கொள்கையாக எழுதுகின்றன. பேசியவரே எவ்வளவு அடக்கமாக முன்வைத்தார் என்பதை எழுதினால் விடையின் தரம் வேறாகிறது.

பல பொருள்களுக்குப் பொதுவான தன்மை, அவற்றுக்கு அப்பால் மாறாத ஒரு ‘வடிவமாக’ இருக்கிறது என்ற வடிவக் கோட்பாட்டுக்கு வரும்போது, ‘ஃபீடோ’வையும் ‘குடியரசு’ 5 முதல் 7 வரையுள்ள புத்தகங்களையும் படித்தால் கோட்பாடு கிடைக்கும். குகைக்குள் கட்டுண்டு, சுவரில் விழும் நிழல்களையே உண்மை என்று நம்புகிறவர்களைப் பற்றிய குகை உவமை அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் சூரியன் (508), பிரித்த கோடு (509d) என்ற இரண்டும் வருவதையும், வெளியே வந்தவர் மீண்டும் குகைக்குள் இறங்க வேண்டியிருப்பதையும் சேர்த்து எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் ‘வடிவக் கோட்பாட்டைத் திறனாய்வு செய்க’ என்று கேட்டவுடன் எல்லோரும் அரிஸ்டாட்டிலிடம் ஓடுகிறோம். அதற்கு முன்பே ‘பார்மெனிடீஸ்’ உரையாடலில், இளைஞரான சாக்ரடீஸை முதிய மெய்யியலாளர் பார்மெனிடீஸ் இதே கோட்பாட்டை வைத்து மடக்குகிறார். மயிருக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும் வடிவம் உண்டா என்று கேட்கிறார், சாக்ரடீஸ் தயங்குகிறார். பெரிய பொருள்களெல்லாம் ‘பெருமை’ (பெரிதாக இருக்கும் தன்மை) என்ற ஒரு வடிவத்தால் பெரியவை என்றால், அந்தப் பொருள்களையும் அந்த வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது இன்னொரு பெருமை வேண்டாமா, அதற்கும் மேல் இன்னொன்று வேண்டாமா என்று 132aயில் தொடங்கும் வாதத்துக்குத்தான் பின்னாளில் ‘மூன்றாம் மனிதன்’ என்று பெயர் வந்தது. இத்தனைக்கும் பிறகு, வடிவங்களே இல்லை என்று விட்டுவிட்டால் உரையாடும் ஆற்றலே அழிந்துபோகும் என்று சொல்பவரும் அதே பார்மெனிடீஸ்தான் (135b-c). மறுத்தவர் வாயிலிருந்தே இது வருவதை நான் குறிப்பேட்டின் மூன்றாம் பத்தியில் இருமுறை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

எந்த உரையாடல் முதலில் எழுதப்பட்டது என்ற காலவரிசையில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ‘சட்டங்கள்’ ‘குடியரசு’க்குப் பிந்தையது என்று அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் சொல்வதும், 1867இல் அறிஞர் லூயிஸ் கேம்பெல் சொல்லாட்சியை ஆராய்ந்து கடைக்கால உரையாடல்களை ஒன்றாகச் சேர்த்ததும் தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாம் முறை தேர்வு மண்டபத்தில் ‘தியேட்டிட்டஸ்’ உரையாடல் பற்றிய வினா வந்தது: அறிவு என்றால் என்ன என்பதற்கு அங்கே தரப்படும் வரையறைகளை ஆராய்க. புலனுணர்வே அறிவு, உண்மையான கருத்தே அறிவு, விளக்கத்தோடு கூடிய உண்மையான கருத்தே அறிவு என்று மூன்றையும் தியேட்டிட்டஸ் ஒவ்வொன்றாக முன்வைப்பதாகவும், மூன்றும் உடைவதாகவும் எழுதினேன். இரண்டாவதை உடைக்க வரும் நீதிமன்ற எடுத்துக்காட்டுக்கு (201a-c) ஒரு முழுப் பத்தி கொடுத்தேன்: நேரில் காணாத நடுவர்கள், வாதத்திறமையால் உண்மையான முடிவுக்கே கொண்டுவரப்பட்டாலும் அவர்களிடம் இருப்பது அறிவன்று. ‘மெனோ’வில் லாரிசா ஊருக்கு வழி சொல்பவர் பற்றிய பகுதியில், நடைமுறைப் பயனில் சரியான கருத்து அறிவுக்குக் குறைந்ததன்று என்றும், ஆனால், தாமாகவே நடமாடும் என்று கதைகள் சொல்லும் டீடலஸின் சிலைகளைக் கட்டிவைக்காவிட்டால் ஓடிவிடுவதுபோல் அது ஓடிவிடும் என்றும் சாக்ரடீஸ் சொல்வதை அதன் பக்கத்தில் வைத்தேன். அமெரிக்க மெய்யியலாளர் எட்மண்ட் கெட்டியர் 1963இல் வெளியிட்ட மூன்று பக்கக் கட்டுரை, நியாயப்படுத்தப்பட்ட உண்மை நம்பிக்கையே அறிவு என்ற வரையறையைக் கலைத்தபோது, அடிக்குறிப்பில் சுட்டியது இந்த இரண்டு உரையாடல்களையும்தான். இதை எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேறொரு வினாவைச் சுருக்க வேண்டியிருந்தது. தாளில் 67 வந்தது.

அந்த விடைக்கு நான் முடிவுரை எழுதவில்லை, ஏனென்றால் உரையாடலுக்கே முடிவு இல்லை. வழியின்றி நிற்கும் அந்த நிலைக்குக் கிரேக்கர் ‘அபோரியா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாவது வரையறையும் சரிந்தபின் சாக்ரடீஸ், மெலிட்டஸ் என்மேல் தொடுத்திருக்கும் வழக்குக்காக ஆர்க்கன் மன்னரின் மண்டபத்துக்குப் போக வேண்டும், நாளைக் காலை இங்கேயே சந்திப்போம் என்று சொல்லிப் புறப்படுகிறார். மறுநாள் காலைச் சந்திப்பு ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் இருக்கிறது. அன்று அவர் அந்த மண்டபத்துக்குப் போனபோது அங்கே யாரைச் சந்தித்தார் என்பதை நீங்கள் முதலில் படித்த ‘யூதிஃப்ரோ’வில் பார்த்திருப்பீர்கள், ‘தியேட்டிட்டஸ்’ முடிந்ததும் அதை மறுபடி ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.